செத்தவர்கள் வரும் நாள்

என் மருமகள் பதுளை பஜாரிலிருந்து அரக்கு நிறத்தில் ஒரு நூல் சேலை வாங்கிவந்து, எனக்குக் காட்டாமல் அலுமாரியின் அடித்தட்டில் போர்வைக்குக் கீழே வைத்தாள். காட்டாமல் வைத்ததை நான் பார்த்துவிட்டேன். அரக்கு அவள் கட்டுகிற நிறமே இல்லை. வெளிர் நீலம், வெளிர் மஞ்சள் என்று கசங்காத துணியாகப் பார்த்துக் கட்டுகிறவள். இதுவோ அகலக் கரை போட்ட, வயதான பெண்கள் கட்டுகிற சேலை. எனக்கென்றால் என் கையில் கொடுத்திருப்பாள். எனக்கில்லை, அவளுக்குமில்லை. பிறகு யாருக்கு?

சந்தேகம் என்னோடு கூடப் பிறந்தது. தேயிலைத் தோட்டப் பள்ளிக்கூடத்தில் படிப்பித்த காலத்திலேயே, வகுப்பு அமைதியாக இருந்தால் எனக்கு நிம்மதி போய்விடும். ஏதோ நடக்கிறது என்று மேசைக்குக் கீழெல்லாம் பார்ப்பேன். "உனக்குப் பொலிசுல வேலை கெடைச்சிருக்கணும்" என்பார் என் வீட்டுக்காரர். அவர் தேயிலைத் தொழிற்சாலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்று, பதுளைக்கு வந்து இந்த வீட்டைக் கட்டி முடித்த கையோடு போய்விட்டார். ஒரே மகன் கத்தாரில் இருக்கிறான். வீட்டில் நானும் மருமகளும்தான்.

அவள் ஹல்துமுல்லைப் பக்கத்துத் தோட்டத்துப் பிள்ளை. சைவக் குடும்பம். கட்டினால் அவளைத்தான் கட்டுவேன் என்று மகன் நின்றபோது நான் போட்ட நிபந்தனை ஒன்றே ஒன்று. அவள் ஞானஸ்நானம் எடுக்க வேண்டும். எடுத்தாள். ஜெபங்களையெல்லாம் மனப்பாடம் செய்து, குருவானவர் முன்னால் ஒரு சொல் தடுக்காமல் ஒப்பித்தாள். அதுவே எனக்கு உறுத்தியது. இவ்வளவு சுலபமாக வந்தவள், நாளைக்கு அதே சுலபத்தில் திரும்பிப் போகமாட்டாள் என்று என்ன நிச்சயம்?

போனால் உனக்கென்ன என்று கேட்பீர்கள். எனக்குத்தான் எல்லாம். நவம்பர் இரண்டாம் திகதி எங்களுக்குக் கல்லறைத் திருநாள். அதற்கு முன்பே போய்ப் புல் செதுக்கி, கல்லறைக்கு வெள்ளை அடித்துவிட்டு வருவோம். அன்று பூ வைத்து மெழுகுவர்த்தி ஏற்றுவோம். அந்த மாதத்தில் பதுளையில் மழை விடாது. அதனால் தண்ணீர்ப் போத்தலின் அடியை வெட்டி எடுத்துவிட்டு மெழுகுவர்த்திக்கு மேல் கவிழ்த்து வைப்போம். குருவானவர் ஒவ்வொரு கல்லறையாகத் தீர்த்தம் தெளித்துக்கொண்டு வருவார். எல்லாம் வெளிச்சமாக இருக்கும், மேல் மூலையில் ஒரு வரிசையைத் தவிர. அங்கே கிடப்பவர்களின் பிள்ளைகள் கனடாவிலும் இத்தாலியிலும் கொழும்பிலும் இருக்கிறார்கள். புல் முழங்காலுக்கு வளர்ந்திருக்கும். ஒரு வத்திகூட எரியாது. அந்த வரிசையைத் தாண்டும்போது நான் முகத்தைத் திருப்பிக்கொள்வேன். என் மகன் கத்தாரிலிருந்து மெழுகுவர்த்தி ஏற்ற வரப்போவதில்லை. எனக்கென்று ஏற்றினால் இந்த மருமகள் ஏற்ற வேண்டும். அவள் உள்ளுக்குள் சைவமாகவே இருந்தால், என் கண் மூடிய மறுநாளே கல்லறையாவது மண்ணாவது. நானும் அந்த மேல் மூலையில் இருட்டில் கிடப்பேன். இதுதான் என் பயம். இதை நான் யாரிடமும் மறைத்ததில்லை.

கல்லறையிலிருந்து வீட்டுக்கு வந்ததும் இன்னொன்று செய்வோம். என் வீட்டுக்காரருக்குப் பிடித்த மாட்டிறைச்சிக் கறியும் ரொட்டியும் செய்து, முதல் தட்டைப் போட்டு அவர் படத்துக்கு முன்னால் வைப்பேன். பக்கத்தில் ஒரு சின்னக் கிளாசில் கொஞ்சம் சாராயம். ஒரு ஜெபம் சொல்லி முடித்த பிறகுதான் நாங்கள் சாப்பிடுவோம். அது படையல் இல்லை. யாராவது படையல் என்று சொன்னால் எனக்குக் கெட்ட கோபம் வரும். அது மரியாதை.

சேலைக்கு வருகிறேன். அது வந்த மூன்றாம் நாள் அடுப்படியில் அரிசி டின்னுக்குப் பின்னால் வெற்றிலைக் கட்டு ஒன்று கிடந்தது. பாக்கு, புகையிலை, ஒரு பொட்டலம் சாம்பிராணி. எங்கள் வீட்டில் யாரும் வெற்றிலை போடுவதில்லை. முதலில் செய்வினை என்றுதான் நினைத்தேன். கத்தாருக்குப் போன் எடுத்து மகனிடம் கேட்டேன். "அம்மா, அவள நிம்மதியா இருக்க வுடுங்க" என்றான். தெரியாதவன் "எனக்குத் தெரியாது" என்று சொல்லியிருப்பான். இவனுக்கு ஏதோ தெரியும்.

மறுநாள் சேலைக் கடைக்கே போனேன். கடை முதலாளி முஸ்லிம் மனிதர், நாற்பது வருஷப் பழக்கம். சும்மா துணி பார்ப்பது போலப் பார்த்துவிட்டு, மருமகள் எடுத்துக்கொண்டு போன சேலையைப் பற்றிக் கேட்டேன்.

"தீவாளிக்குன்னுதான் டீச்சர் எடுத்தாங்க. சாயம் போகாதான்னு கேட்டாங்க. வயசானவங்களுக்குன்னு சொன்னாங்க. ஏன், உங்களுக்குப் புடிக்கலையா? மாத்திக்கலாமே."

மாற்ற வேண்டாம் என்று சொல்லிவிட்டு வெளியே வந்தேன். தீபாவளிக்கு! வேதத்துக்கு வந்து, கிறிஸ்தவளாகி நான்கு வருஷமான பெண்ணுக்குத் தீபாவளிக்கு என்ன வேலை? எங்கள் தோட்டப் பக்கம் தீபாவளி என்றால் எண்ணெய் முழுக்கும் வெடியும் மட்டுமில்லை. செத்தவர்களுக்குப் படைக்கிற நாளும் அதுதான். இலை போட்டு, அவர்களுக்குப் பிடித்ததையெல்லாம் வைத்து, புது வேட்டி சேலை வைத்துக் கும்பிடுவார்கள். அவள் அம்மா கல்யாணத்துக்கு மறு வருஷம் இறந்துபோனாள். அப்பா அவளுடைய சின்ன வயதிலேயே போனவர். முடிச்சு அவிழ்ந்துவிட்டது. பஜாரிலிருந்து வீட்டுக்குப் போகாமல் நேரே கோயிலுக்கு நடந்தேன். கோயில் என்று நான் சொல்வது எங்கள் வேதக் கோயில்.

எங்கள் குருவானவர் யாழ்ப்பாணத்துக்காரர், இளம் வயது. நான் சொல்லச் சொல்ல மேசையிலிருந்த பேனாவை உருட்டிக்கொண்டிருந்தார். மருமகளைக் கூப்பிட்டு நாலு வார்த்தை கண்டித்துப் பேசுவார் என்று எதிர்பார்த்தேன். அவரோ, "தீபாவளி இந்த முறை எப்ப வருது?" என்று கேட்டார்.

"ஒக்டோபர் கடைசி நாள், ஃபாதர்."

"அப்ப அதுக்கு ரெண்டு நாள் கழிச்சு எங்கட கல்லறைத் திருநாள். பாத்தியளோ, கிட்டக் கிட்ட வருது."

கிட்டக் கிட்ட வந்தால் இரண்டும் ஒன்றாகிவிடுமா என்று கேட்டேன். அவர் சிரித்தார். சிரிக்கிற குருவானவர்களை நான் அவ்வளவாக நம்புவதில்லை.

பிறகு அவர் சொன்னதையெல்லாம் கேட்டு எனக்குத் தலை சுற்றியது. கல்லறைத் திருநாள் ஆண்டவர் குறித்துக் கொடுத்த நாள் இல்லையாம். ஆயிரம் வருஷத்துக்கு முன்னால் ஐரோப்பாவில் ஒரு மடத்துத் தலைவர், செத்தவர்களுக்காக மன்றாட என்று வைத்த நாளாம். அதற்கு முதல் நாள் வருகிற சகல புனிதர் திருநாளை ரோமில் முந்தி மே மாதத்தில் கொண்டாடினார்களாம். அதே மே மாதத்தில்தான் பழைய ரோமர்கள் வீட்டுப் பேய்களைச் சாந்தப்படுத்துவார்களாம். வீட்டுக்காரன் நடுச்சாமத்தில் எழும்பி, கறுப்பு அவரைக் கொட்டைகளைத் தோளுக்குப் பின்னால் எறிந்துகொண்டே வீட்டுக்குள் நடப்பானாம். வடக்கே குளிர் நாட்டுக்காரர்களுக்கு ஒக்டோபர் முடிவில் ஒரு பண்டிகையாம். அன்று செத்தவர்கள் எழும்பி வருவார்கள் என்று நம்பினார்களாம்.

"அதிலயிருந்துதான் எங்கட நாள் வந்ததெண்டு சிலர் சொல்லுவினம். இல்லையெண்டும் சிலர் எழுதியிருக்கினம். எனக்கு நிச்சயமாத் தெரியாது அம்மா. ஆனா செத்த ஆக்களை நினைக்கிறதுக்குச் சனம் எப்பவும் ஒரு நாள் வைச்சிருக்கு. நாங்கள் வந்து அந்த நாளுக்கு ஞானஸ்நானம் குடுத்திருக்கிறம்."

"அப்ப நத்தார்?" என்றேன்.

ஆண்டவர் பிறந்த திகதி சுவிசேஷத்தில் இல்லை என்றார். அது எனக்கும் தெரியும், ஆனால் அதை இவ்வளவு சாதாரணமாகச் சொல்லக்கூடாது. டிசம்பர் கடைசியில் அவர்கள் ஊரில் பகல் நீளத் தொடங்குமாம். சூரியன் திரும்பப் பிறந்தது என்று பழைய ரோமர் விழா எடுப்பார்களாம். அதனால்தான் அந்த நாள் என்பது ஒரு கட்சி. வேறு கணக்குப் போட்டுத்தான் அந்த நாள் வந்தது என்பது இன்னொரு கட்சி. உயிர்த்த ஞாயிறை எடுத்தால் அது பௌர்ணமியைப் பார்த்துத்தான் வருகிறது. பங்குனியிலோ சித்திரையிலோ பௌர்ணமிப் போயா கழிந்த பிறகு வருகிற ஞாயிறு. நாற்பது வருஷமாகப் பெரிய வியாழனன்று கோயிலிலிருந்து வரும்போது நிலா பெரிதாக இருப்பதைப் பார்த்திருக்கிறேன். ஏன் என்று ஒருநாளும் கேட்டதில்லை. எல்லாவற்றையும் சந்தேகப்படுகிற நான் இதை எப்படி விட்டேன் என்று எனக்கே எரிச்சலாக வந்தது.

கடைசியாக ஒன்று சொன்னார். ஆதிக் கிறிஸ்தவர்களும் கல்லறைக்குச் சாப்பாடு கொண்டுபோவார்களாம். ஒரு பெரிய புனிதரின் தாய், கஞ்சியும் அப்பமும் திராட்சரசமும் எடுத்துக்கொண்டு கல்லறை கல்லறையாகப் போவாராம். அந்த ஊர் ஆயர், இது பழைய அஞ்ஞானிகளின் பழக்கம் போல இருக்கிறது என்று தடை செய்துவிட்டாராம். அந்த அம்மாவும் கீழ்ப்படிந்து விட்டுவிட்டாராம்.

"நீங்களும் வீட்டில ஒரு தட்டு வைக்கிறியள்தானே?" என்றார், மிகவும் அன்பாக.

எனக்குச் சுள்ளென்று ஏறியது. என் வீட்டுத் தட்டு இவருக்கு எப்படித் தெரியும்? மருமகள்தான் சொல்லியிருக்க வேண்டும். பாவசங்கீர்த்தனத்தில் தன் பாவத்தைச் சொல்லச் சொன்னால் என் பாவத்தையும் சேர்த்துச் சொல்லியிருக்கிறாள். ஒரு குறையைச் சொல்ல வந்த நான் குற்றவாளிக் கூண்டில் ஏறி நின்றேன்.

"அது மரியாதை, ஃபாதர்" என்று சொல்லிவிட்டுக் குடையை எடுத்துக்கொண்டு கிளம்பினேன். அந்த அம்மா ஆயர் சொன்னதும் விட்டுவிட்டாராம். விடட்டும். நான் விடமாட்டேன்.

அதற்குப் பிறகு எனக்குக் கோயிலில் மனம் ஒட்டவில்லை. எதைப் பார்த்தாலும் இது எங்கேயிருந்து வந்தது என்று தோன்றியது. திருவிழாவுக்குக் கொடி ஏற்றுகிறோம், அது யாருடைய வழக்கம்? தேர் இழுக்கிறோம், அது? மணி, தூபம், தீர்த்தம், மாலை, நேர்த்திக்கடன், மொட்டை. தோட்டத்தில் இருந்தபோது எங்கள் சின்னக் கோயில் வாசலில் மார்கழிக் காலையில் நானே மாக்கோலம் போட்டு நடுவில் சிலுவை வைத்திருக்கிறேன். அதைப் பார்த்து அந்தக் காலத்துப் பெரிய சாமியார் "நல்லாயிருக்கு" என்று சொன்னதும் ஞாபகம் வந்தது. அவரும் இந்தக் குருவானவர் கூட்டத்தில் சேர்த்திதானா?

போனைத் திறந்து தேடினேன். இதற்கென்றே ஒரு ஆள் கையை ஆட்டி ஆட்டிப் பேசிக்கொண்டிருந்தார். நத்தார் பொய்யாம், உயிர்ப்பு ஞாயிறு பொய்யாம், மரமும் நட்சத்திரமும் முட்டையும் அஞ்ஞானமாம். எல்லாவற்றையும் தூக்கிப் போட்டுவிட்டு அவருடைய ஜெப வீட்டுக்கு வர வேண்டுமாம். அவர் தலைக்குப் பின்னால் ஒரு நாட்காட்டி தொங்கியது. கிழமை ஏழும் கோள்களின் பெயர்தானே, அதையும் கழற்றி எறிய வேண்டியதுதானே என்று நான் போனைப் பார்த்துச் சத்தம் போட்டேன். மருமகள் அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தாள். அந்த மனிதரையும் நான் நம்பவில்லை. ஆனால் குருவானவர் மெதுவாகச் சொன்னதையே இந்த ஆள் கத்திச் சொல்கிறார் என்பது எனக்குப் பிடிக்கவில்லை. நாள் எல்லாம் கைமாறி வந்தது என்றால், இரண்டாம் திகதி நான் மெழுகுவர்த்தி ஏற்றுவது என் வீட்டுக்காரருக்குப் போய்ச் சேர்கிறதா இல்லையா? இதை யாரும் சொல்லவில்லை.

தீபாவளிக்கு முதல் நாள் மருமகள் கையைத் துடைத்துக்கொண்டு வந்து நின்றாள்.

"மாமி, நாளைக்குச் சித்தப்பா வீட்டுக்குப் போயிட்டு வரட்டுங்களா? சாயந்தரத்துக்குள்ள வந்துர்றேங்க."

"போகலாமே. நானும் வர்றேன்" என்றேன்.

அவள் முகம் வெளிறிவிட்டது. அந்த முகத்தைப் பார்ப்பதற்காகத்தான் நான் அப்படிச் சொன்னேன்.

பண்டாரவளையில் பஸ் மாறி ஹல்துமுல்லைக்குப் போனோம். அங்கேயிருந்து த்ரீவீலரில் தோட்டத்துக்கு. லயத்துக்கு லயம், அந்த வரிசை வீடுகளிலெல்லாம் பாட்டு அலறியது. பிள்ளைகள் புதுச்சட்டையோடு ஓடின. மருமகள் மடியில் ஒரு பையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு வந்தாள். பைக்குள் என்ன இருக்கிறது என்று எனக்குத் தெரியும், எனக்குத் தெரியும் என்பது அவளுக்கும் தெரியும். அவள் சேலையை வைத்துக் கும்பிடுகிற அந்த நேரத்தில் கையும் களவுமாகப் பிடித்து, அங்கேயே வைத்துக் கேட்டுவிட வேண்டும் என்றுதான் நான் போனேன்.

சித்தப்பா வீடு லயத்தில் கடைசிக் காம்பரா, ஒரே ஒரு அறை. என்னைக் கண்டதும் அவர்கள் திடுக்கிட்டாலும், "வாங்க டீச்சரம்மா" என்று கதிரை எடுத்துப் போட்டார்கள். உள்ளே சுவரோரம் வாழை இலை விரித்திருந்தது. சோறு, கோழிக் கறி, வடை, அதிரசம், ஒரு கோப்பை பால் விடாத சாயத்தண்ணி, பக்கத்தில் கருப்பட்டித் துண்டு. மருமகளின் அம்மா கொழுந்து பறிக்கப் போகும்போது அதைக் கடித்துக்கொண்டுதான் போவாளாம். நான் வசதியாக உட்கார்ந்துகொண்டு மருமகளையே பார்த்தேன். இப்போது உள்ளே போவாள், இப்போது கும்பிடுவாள்.

அவள் உள்ளே போகவில்லை. காம்பராவுக்கு முன்னால் இருக்கிற இஸ்தோப்பில், வாசல் நிலைக்கு வெளியே நின்றாள். பையிலிருந்து சேலையையும் வெற்றிலையையும் எடுத்து நீட்டினாள். சித்தி உள்ளேயிருந்து கையை நீட்டி வாங்கிக்கொண்டாள். சேலை முனையில் மஞ்சள் தடவி இலைக்குப் பக்கத்தில் வைத்தாள். சித்தப்பா சூடம் கொளுத்தினார். அந்த வீட்டுப் பிள்ளைகள் எல்லாரும் விழுந்து கும்பிட்டார்கள். இவள் வெளியிலேயே நின்றாள். கையைக்கூடக் கூப்பவில்லை, முந்தானையைச் சுருட்டிப் பிடித்துக்கொண்டிருந்தாள்.

"ஏன் வெளியில நிக்கிற?" என்று கேட்டேன்.

"இங்கயே நிக்கிறேங்க மாமி."

சித்திதான் பதில் சொன்னாள். "அவ உள்ள வரக்கூடாதுங்க டீச்சரம்மா. வேதத்துக்குப் போயிட்டாள்ல. அவ கையால வச்சா எங்க அக்கா எடுக்க மாட்டாங்க. அதான் குடுக்கச் சொல்லி நாங்க வைக்கிறோம்."

எனக்கு அப்போது வந்த கோபம் எங்கேயிருந்து வந்தது என்று தெரியவில்லை. பிடிக்க வந்தவள் நான். ஆனால் எழும்பி நின்று சத்தம் போட்டேன்.

"பெத்த மக வச்சா எடுக்காத அம்மாவும் ஒலகத்துல இருக்காளா? யார் சொன்னா ஒங்களுக்கு? செத்தவ வந்து சொன்னாளா?"

சித்தி அமைதியாகத்தான் இருந்தாள். "கோவிச்சுக்காதீங்க. நாங்களா இவள மாத்தினோம்? தண்ணி ஊத்தி மாத்தினது நீங்கதானுங்களே?"

பேச்சை விட்டுவிட்டுக் கதிரையில் திரும்ப உட்கார்ந்தேன். என் வாழ்க்கையில் அபூர்வமாக நடக்கிற காரியம் அது.

பிறகு எல்லாரும் வெளியே வந்து கதவைச் சாத்தினார்கள். செத்தவர்கள் வந்து சாப்பிடும்போது உயிரோடு இருப்பவர்கள் பார்க்கக்கூடாதாம். கொஞ்ச நேரம் இஸ்தோப்பில் அத்தனை பேரும் நின்றோம். மருமகள் சாத்திய கதவையே பார்த்துக்கொண்டிருந்தாள். மற்றவர்கள் அந்தக் கொஞ்ச நேரம்தான் வெளியே நிற்கிறார்கள். இவள் முழு நேரமும் வெளியே நின்றாள். சேலை அவள் வாங்கியது, வெற்றிலை அவள் வாங்கியது, அம்மாவும் அவளுடைய அம்மாதான்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் அவளுக்கு ஜன்னல் பக்கம் விட்டேன்.

"ஒவ்வொரு வருஷமும் இப்பிடித்தானா?"

"ஆமாங்க மாமி. போன ரெண்டு வருஷமும் சேலையச் சித்தப்பாகிட்டக் குடுத்து விட்டேன். இந்தத் தடவ நேர்ல போயி ஒரு தரம் பாக்கணும்னு இருந்துச்சு."

"நம்ம கோயில்ல உங்கம்மாவுக்கு மெழுகுவத்தி ஏத்தலாமே."

"அம்மா வேதம் இல்லீங்களே. ஏத்தலாமான்னு யார்கிட்டக் கேக்குறதுன்னு தெரியலீங்க."

என் வீட்டுக்காரருக்கு அவள் ஒவ்வொரு வருஷமும் மெழுகுவர்த்தி ஏற்றியிருக்கிறாள். அவரை அவள் ஒரு தடவைகூடக் கண்டதில்லை, அவள் வருவதற்கு முன்பே போனவர். போத்தலை வெட்டுவதும் அவள்தான், புல் செதுக்குவதும் அவள்தான். தன்னைப் பெற்றவளுக்கு ஏற்ற மட்டும் அவளுக்கு இந்தப் பக்கமும் இடமில்லை, அந்தப் பக்கமும் இடமில்லை. எனக்கு நடந்துவிடும் என்று நான் வருஷக் கணக்காகப் பயந்துகொண்டிருந்தது அவள் அம்மாவுக்கு ஏற்கெனவே நடந்துவிட்டது. இதை நினைத்துக்கொண்டே பண்டாரவளை வரைக்கும் வந்தேன். அழுதது நான்தான், அவள் இல்லை. தூசு விழுந்துவிட்டது என்று சொன்னேன். அவள் நம்பியிருக்க மாட்டாள்.

இரண்டாம் திகதி விடியவே மழை. கல்லறைக்குப் போகும்போது வழக்கத்தைவிட ஒரு மெழுகுவர்த்தி கூடுதலாக எடுத்துக்கொண்டேன். வீட்டுக்காரருக்கு ஏற்றி முடித்ததும் மருமகளைக் கூட்டிக்கொண்டு நடுவில் இருக்கிற பெரிய சிலுவைக்குப் போனேன். வேறு ஊர்களில் புதைத்தவர்களுக்கு அதன் அடியில்தான் ஏற்றுவோம். நான்கைந்து பேர் ஏற்கெனவே ஏற்றிவைத்திருந்தார்கள்.

"இந்தா, உங்கம்மாவுக்கு ஏத்து."

அவள் சுற்றுமுற்றும் பார்த்தாள். "ஃபாதர் ஏதும் சொல்லுவாருங்களா?"

"சொல்லட்டும். அவருக்கு நான் பதில் வச்சிருக்கேன்."

அவள் ஏற்றினாள். காற்றில் இரண்டு தரம் அணைந்தது, மூன்றாம் தரம் நின்றது. போத்தலைக் கவிழ்த்து வைத்துவிட்டு முழங்காலில் நின்றாள். எந்தச் சாமியிடம் என்ன சொன்னாள் என்று எனக்குத் தெரியாது. கேட்கவேண்டும் போல வாய் துறுதுறுத்தது, அடக்கிக்கொண்டேன். குருவானவர் தீர்த்தத்தோடு வந்தார். நான் அவர் முகத்தையே பார்த்தேன். அவர் மருமகளைப் பார்த்தார், கூடுதலாக எரிந்த மெழுகுவர்த்தியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். பிறகு எல்லா மெழுகுவர்த்திக்கும் சேர்த்துத் தாராளமாகத் தெளித்தார். அதில் எங்கள் போத்தலுக்கு விழுந்ததுதான் அதிகம். தெரிந்து செய்தாரா, கை அப்படிப் போய்விட்டதா என்பதில் எனக்கு இன்றுவரை சந்தேகம்தான்.

வெளியே வரும்போது அவள் என் குடைக்குள் ஒண்டிக்கொண்டு நடந்தாள். மேல் மூலை வரிசையைத் தாண்டும்போது வழக்கம்போல நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

"மாமி" என்றாள். "ஒன்னு கேட்டாக் கோவிச்சுக்க மாட்டீங்களே? நாளைக்கு உங்களுக்கு ஒன்னுன்னா, நான் எந்த நாள்ல செய்யட்டுங்க?"

"இப்பவே நாள் பாக்கிறியா?" என்று சீறினேன். அவள் பயந்து குடைக்கு வெளியே போய்விட்டாள். தோளைப் பிடித்து உள்ளே இழுத்தேன். ஆனால் கேள்வி நல்ல கேள்விதான். ரோமர் ஒரு நாள் வைத்திருந்தார்கள், குளிர் நாட்டுக்காரர்கள் ஒரு நாள், மடத்துத் தலைவர் ஒரு நாள், தோட்டத்தில் ஒரு நாள். எந்த நாளில் வழி திறந்திருக்கும் என்று குருவானவருக்கே நிச்சயமாகத் தெரியவில்லை. இதில் நான் யாரை நம்பி ஒரு நாளைச் சொல்வது?

"ரெண்டாந் தேதி இங்க வந்து மெழுகுவத்தி ஏத்து" என்றேன். "தீவாளிக்கும் ஒரு எலை போடு. வீட்டுக்குள்ள வச்சு, ஒங் கையாலயே போடு. இதுல ஒரு நாள் பொய்யாப் போனாலும் மத்த நாள் வந்துருவேன்."

அவள் குடைக் கம்பியை என்னோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டாள்.

"நெசமா வருவீங்களா மாமி?"

"நீ செஞ்சியா இல்லையான்னு பாக்கவாவது வருவேன்" என்றேன்.